லீகர் என்ற சொல்லின் கடைசிச் சொந்தக்காரர்

மட்டாஞ்சேரி பழைய அரிசிக் கிடங்கு லைனில் வசிக்கும் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், மாடிப்படிக்கு அடியில் வாடகையில்லாமல் குடியிருக்கும் ஆட்டுக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: ‘லீகர்’ என்னும் இங்கிலீஷ் சொல் காலமாகிவிட்டது. முற்றுகை என்பது அதன் பொருள். இங்கிலாந்தில் அது எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. சொந்த ஊரில் கைவிட்டபிறகு அது தினமும் உச்சரிக்கப்பட்டது நமது லைனின் மாடியில், கடைசி அறையில் மட்டும்தான். வாரிசு யாரும் இல்லை.

சொல்லைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சொன்னவரைப் பற்றிச் சொல்லத்தான் தயக்கமாக இருக்கிறது. சந்தானகிருஷ்ணன் மாமா போன வாரம் காலமானார்.

பதினாறாம் நாளன்று வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு தாள் அச்சடிக்க வேண்டும், அதில் அவரைப் பற்றி நாலு வார்த்தை இருக்க வேண்டும் என்று லைனில் முடிவு செய்தார்கள். இங்கே எல்லோரும் தமிழ் பேசுவார்கள். எழுதச் சொன்னால் மலையாளத்துக்கு ஓடிவிடுவார்கள். தமிழ் எழுதத் தெரிந்த பையன் நான் ஒருவன்தான் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். திருத்துகிறவரைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செய்தி வந்தபோது நான் எர்ணாகுளத்தில் டியூஷன் வகுப்பில் இருந்தேன். லைனின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி: ‘சந்தானம் மாமா போய்ட்டார்.’ நான் உடனே ‘எங்க?’ என்று கேட்டு, கூடவே சிரிக்கிற முகம் ஒன்றையும் போட்டேன். யாரும் பதில் போடவில்லை. பலர் படித்துவிட்டார்கள் என்று மட்டும் போன் காட்டியது.

எனக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை வருடமாக நான் செய்த குறும்புகளுக்கெல்லாம் மொத்தமாக ஒரு திருப்பி அடி தயாராகிறது என்று நினைத்தேன். நான் ஓடிவந்து அழுதுகொண்டு நிற்க, மாமா கதவு இடுக்கிலிருந்து ‘இதுக்கு என்ன ப்ரூஃப் பார்த்தே?’ என்று கேட்பார், லைனே கைதட்டும். ஏமாறக் கூடாது என்று அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். அப்போது படகுத்துறைப் பக்கத்துக் கடை ஒன்றில் மாவு டின்னை இறக்கிக்கொண்டிருந்தார். குழுவைப் பார்த்திருக்கவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும், “டேய், சாவுல விளையாடாதே,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

செய்தியை நான் நம்பவில்லை. என்னை அம்மா நம்பவில்லை. இருவரும் இரண்டு பக்கத்திலிருந்து லைனுக்கு வந்து சேர்ந்து மாடி ஏறினோம். மாமாவின் வீட்டுக் கதவு முழுதாகத் திறந்திருந்தது. நான் பிறந்ததிலிருந்து, சரி, அவர் குடிவந்ததிலிருந்து, அந்தக் கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மேல் திறந்து நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்ததும் நம்பிவிட்டேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாமா எர்ணாகுளத்தில் ஒரு அச்சகத்தில் புரூஃப் ரீடராக இருந்தார். வக்கீல்களின் வழக்குக் கட்டுகளை அச்சடிக்கும் இடம். பகலெல்லாம் புரூஃப் பார்ப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனிதர்களிடம் புரூஃப் கேட்பார். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அவரும் லீலா அத்தையும் குடிவந்தார்கள். படியில் என்னை நிறுத்தி, “உங்கப்பா பேரென்ன?” என்று கேட்டார். சொன்னேன். “நிஜமாவா?” என்றார். அன்று சாயங்காலம் அப்பாவிடமே போய் அதே சந்தேகத்தைக் கேட்டுவிட்டு உதை வாங்கினேன்.

பால் பாக்கெட்டில் தேதி பார்க்காதவர் இல்லை. மாமா உப்புப் பாக்கெட்டில் பார்ப்பார். சிறிய எழுத்துகள் உட்பட முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு, மறுபடியும் படிப்பார். “கல்யாண மேடையில தாலியைத் திருப்பி ஹால்மார்க் இருக்கான்னு பார்த்த மனுஷன்,” என்று லீலா அத்தை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பார். கரண்டு மீட்டர் பார்க்க வருகிறவர், கேஸ் கொண்டுவருகிறவர், சுவரைப் போட்டோ எடுக்கும் வெள்ளைக்காரர்கள், எல்லோரும் யாரோ அனுப்பித்தான் வருகிறார்கள் என்பார். செல்போன் ஒட்டுக்கேட்கும் என்று, முக்கியமான விஷயம் பேசும்போது அத்தையின் போனைத் துண்டில் சுற்றி அரிசிப் பாத்திரத்தில் வைத்துவிடுவார். ஒரு தடவை அது அரிசிக்குள்ளேயே அடித்தது. அத்தை சோறு பேசுகிறது என்று சொல்லிச் சிரித்ததை நான் கேட்டிருக்கிறேன்.

இப்படி ஒருவர் மாடியில் இருந்தால் என்னைப் போன்றவன் கீழே சும்மா இருக்க முடியுமா? வாசலில் அவர் தமிழில் எழுதி மாட்டியிருந்த பெயர்ப் பலகையில் ஒருநாள் கொஞ்சம் கைவேலை செய்தேன். நடுவில் இரண்டு எழுத்தை மறைத்து மாற்றியதும் சந்தானகிருஷ்ணன் ‘சந்தேககிருஷ்ணன்’ ஆகிவிட்டார். என் வாழ்நாளின் சிறந்த வேலைகளில் ஒன்று அது. மறுநாள் காலை பலகை அப்படியே இருந்தது. ஆனால் நடுவில் சிவப்புப் பேனாவால் ஒரு கூர்க்குறி போட்டு, மேலே ஒரு ‘க்’ சேர்த்திருந்தார். ஓரத்தில் சின்ன எழுத்தில்: ‘ஒற்று விட்டுப்போயிற்று. சந்தேகக் கிருஷ்ணன்.’

யார் செய்தது என்று அவர் விசாரிக்கவில்லை. படியில் என்னைப் பார்த்தபோது, “குட்டிச்சாத்தானே, சாத்தானுக்கும் சந்தி இலக்கணம் உண்டு,” என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனார். பலகை ஒரு வாரம் அப்படியே கிடந்தது. தபால்காரர்கூடப் பழகிவிட்டார்.

லீகர் கதைக்கு வருகிறேன். அந்த லீகரை விலக்கியது யார் என்று லைனில் கேட்டால் இன்றைக்கும் என்னைத்தான் கைகாட்டுவார்கள். தன்னடக்கத்துடன் ஒத்துக்கொள்கிறேன்.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது நம் கட்டடத்தைப் புதிய முதலாளி ஒருவர் வாங்கினார். கீழே கிடங்கு, மேலே எங்கள் அறைகள், எல்லாம் சேர்த்து. இங்கே டூரிஸ்டுகளுக்கு ஹோட்டல் வரப்போகிறது என்று பஸாரில் பேச்சு. அவர் வந்தார், எங்களைப் பார்த்தார், சௌக்கியமா என்று கேட்டார், போனார். காலி செய்யுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவுக்கு நிம்மதி. மாமாவுக்குத் தூக்கம் போயிற்று. “காலி பண்ணுன்னு சொல்றவனோட சண்டை போடலாம். சௌக்கியமான்னு கேக்கறவனோட என்ன பண்றது?” என்று லீலா அத்தையிடம் கேட்டாராம்.

அடுத்த மாதம் சந்து வாயில் லாரிகள் வந்து நின்றன. காலையில் வரும், இருட்டும்போது போகும். நாலு லாரி வால்பிடித்து நின்றால் சந்து வாயில் ஒரு ஆள் குறுக்காகத் திரும்பிப் போகும் அளவுக்குத்தான் இடம். கேட்டால், முதலாளி வைத்திருந்த காவல்காரர் ஷாஜி சேட்டன், “லோடு இறக்குவாணு,” என்பார். எதை இறக்குகிறார்கள் என்று யாரும் பார்த்ததில்லை. தண்ணீர் லாரி உள்ளே வர முடியாமல் மெயின் ரோட்டில் நின்றது. குடத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பெண்கள் சுவரை உரசிக்கொண்டு வந்தார்கள். ஆட்டோக்காரர்கள் நம் லைன் பெயரைக் கேட்டாலே ‘வேண்டா’ என்றார்கள். அம்மா மாவு டின்களைத் தலையில் வைத்து ரோடு வரைக்கும் நடந்தார். ஒரு டின் லாரியின் கொக்கியில் இடித்துக் கவிழ்ந்து, ஒருநாள் வியாபாரம் முழுவதும் சாக்கடையில் போயிற்று.

தேய்ப்புக்கடை வைத்திருந்த குடும்பம்தான் முதலில் கிளம்பியது. அப்புறம் அம்மாவும் வைப்பின் தீவில் அறை வாடகை விசாரிக்க ஆரம்பித்தார். அம்மாவின் மாவு வாங்கும் கடைகள் எல்லாம் மட்டாஞ்சேரியில் இருந்தன. வைப்பினிலிருந்து படகில் டின்களைச் சுமந்துவந்து கொடுப்பது நடக்காத காரியம். போனால் தொழிலும் போகும் என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் விசாரித்தார்.

மாமா கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுத முடிவு செய்தார். கட்டணம் இல்லாமல் போனிலேயே அனுப்பும் வசதி இருந்தது. போனில் அடிக்க அவருக்குப் பழக்கம் இல்லை. அவர் சொல்லச்சொல்ல அடிக்க ஒரு கை வேண்டும். லைனில் வேகமான கட்டைவிரல் என்னுடையதுதான். என்னைக் கூப்பிடுவதற்கு முன் கதவுச் சங்கிலிக்குப் பின்னாலிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி: “அந்த ஷாஜி உனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தானா இல்லையா?”

கொடுத்திருந்தார். பீஃப் கறியும் சேர்த்து. அது இவருக்கு எப்படித் தெரியும் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

“ஒரே ஒரு தடவை மாமா.”

“என்ன கேட்டான்?”

“ஒண்ணும் கேக்கலை. நல்லா படிக்கிறியான்னு கேட்டார்.”

“அதான் கேட்டிருக்கான்,” என்றார் மாமா. சங்கிலியை எடுக்க மேலும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

முதல் மனுவில் ‘சீஜ்’ என்ற சொல்லைப் போட்டார். முற்றுகைக்கு எல்லோரும் சொல்லும் இங்கிலீஷ் அதுதான். பதிலே வரவில்லை. இரண்டாவது மனுவில் ‘இன்வெஸ்ட்மென்ட்’ என்று போட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ராணுவத்தில் ஒரு கோட்டையைச் சுற்றி வளைப்பதற்கும் அதே சொல்தான், வேண்டுமானால் பார்த்துக்கொள் என்றார். பார்த்தேன், சரிதான். ஆனால் மனுவைப் படித்தவர் பார்க்கவில்லை. ‘உங்கள் கட்டடத்தில் ஒருவர் இன்வெஸ்ட்மென்ட் செய்வது வரவேற்கத்தக்கது’ என்று பதில் வந்தது. லைன் முழுவதும் அதைச் சொல்லிச் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு வைப்பினுக்குப் போய் ஒரு அறையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அட்வான்ஸ் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

முற்றுகைக்கு வேறு என்னென்ன சொல் இருக்கிறது என்று நானும் போனில் தேடினேன். ‘அப்செஷன்’ என்ற சொல்லுக்குக்கூட ஒரு காலத்தில் முற்றுகை என்றுதான் பொருளாம். இப்போது அது ஒரே விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டு தொங்குவது. லீலா அத்தையிடம் சொன்னேன். “அது மாமாவுக்கு ரெண்டு அர்த்தத்திலயும் இருக்குடா,” என்றார்.

மூன்றாவது மனுவுக்குத்தான் மாமா லீகரை எடுத்தார். எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டேன். அச்சகத்தில் எப்போதோ ஒரு பழைய வழக்குக் கட்டில் கண்ணில் இடறிய சொல்லாம். தப்பு என்று நினைத்து அடிக்கப் போய், அகராதியைப் பார்த்து, தப்பில்லை என்று தெரிந்து விட்டாராம்.

“முற்றுகைன்னு தமிழ்லயே எழுதிடலாமே மாமா. இல்லைன்னா மலையாளத்துல உபரோதம்னு போடுங்க.”

“உபரோதம் தினம் பேப்பர்ல வருது. படிக்கிறவன் அரசியல்னு நினைச்சுப் பக்கத்தைத் திருப்பிருவான். இதோ பாரு, தெரிஞ்ச சொல்லைக் கண்ணு தாண்டிப் போயிடும். நான் முப்பது வருஷமாப் பார்க்கறேன். தெரியாத சொல்லு வந்தாத்தான் கண்ணு நிக்கும். நின்னாத்தான் படிப்பான். படிச்சாத்தான் ‘இது என்ன’ன்னு ஒருத்தனாவது எழுந்து வருவான்.”

அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துவது என்றும் சொன்னார். முற்றுகை இடுவதற்கு ‘லே’ என்பார்கள், முற்றுகையை விலக்குவதற்கு ‘ரெய்ஸ்’ என்பார்கள். எதிரி லீகரை லே செய்வான், நாம் ரெய்ஸ் செய்ய வேண்டும்.

“கோழி முட்டை மாதிரியா மாமா?”

“ஆமா. அவன் இட்டுட்டுப் போயிட்டான். அடைகாக்கிறது நாமதான்.”

மாமா ஜோக் சொல்லி நான் கேட்ட ஒரே சந்தர்ப்பம் அது. அவர் சிரிக்கவில்லை.

எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போனது. மழைக்காலம், மாடியில் ஒழுக்கு. நான் கூரையைக் காட்டி “லீக்கர் மாமா” என்றேன். டீக்கடையில் போய் லீகர், லீக்கர், லிக்கர் என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு நெடில் குறுகி ஒரு ஒற்று கூடினால் முற்றுகை மதுபானமாகிவிடும். தமிழில் எழுதிப் பார்த்தால்தான் அந்தச் சுகம் தெரியும்.

மனு அடிக்கும் நாள் வந்தது. அத்தையின் போன் அரிசிக்குள் போயிற்று. என் போன் என் கையில். மாமா பெரிய நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். லீகர் என்று முதல் தடவை வந்ததும் கண்ணைத் திறந்து, “ஸ்பெல்லிங் தெரியுமா?” என்றார்.

“தெரியும் மாமா,” என்றேன்.

முடிந்ததும் போனை வாங்கினார். கையைத் தூர நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்து, உப்புப் பாக்கெட்டைப் படிப்பதுபோல் மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் மேலே போனார். ஒரு இடத்தில் அவர் கட்டைவிரல் கொஞ்சம் நின்றது. அப்புறம் போனை என்னிடம் நீட்டி, “அனுப்பு,” என்றார்.

அந்த வாரமே, அம்மா அட்வான்ஸ் கொடுக்கப் போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே, ஜீப் வந்தது. நாங்கள் எதிர்பார்த்த ஆபீஸிலிருந்து இல்லை. கள்ளச் சாராயம் பிடிக்கிற எக்சைஸ்காரர்கள். லாரிகளால் ஜீப் சந்துக்குள் வர முடியவில்லை. அதிகாரி இறங்கி, லாரிக்கும் சுவருக்கும் நடுவில் தன் வயிற்றை உள்ளிழுத்துப் புகுந்து, சட்டையெல்லாம் சுண்ணாம்பாக உள்ளே வந்து சேர்ந்தார். வந்ததும் சத்தமாகக் கேட்டார்: “சாதனம் எவிடே?”

சரக்கு எங்கே என்று அர்த்தம். மாடிப்படியிலிருந்து மாமா இறங்கினார்.

“நான்தான் சந்தானம்,” என்றார்.

லைனில் ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை. அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பிரித்து, கலெக்டர் ஆபீஸ் அவருக்குத் தள்ளிவிட்டிருந்த நம் மனுவை எல்லோர் முன்னாலும் படித்தார். ‘வீ ஆர் அண்டர் லிக்கர் ஃப்ரம் மார்னிங் டு ஈவ்னிங்.’ காலையிலிருந்து சாயங்காலம்வரை நாங்கள் மதுவின் பிடியில் இருக்கிறோம். ‘ஃபோர் லாரீஸ் லே லிக்கர் அட் அவர் கேட்.’ நாலு லாரிகள் எங்கள் வாசலில் மதுவை இறக்குகின்றன. கடைசி வரி: ‘வீ பெக் யூ டு ரெய்ஸ் தி லிக்கர்.’ அதிகாரி தாளிலிருந்து நிமிர்ந்து, இப்போதே விலை தாங்க முடியவில்லை, இன்னும் எவ்வளவு ரெய்ஸ் செய்வது என்று மலையாளத்தில் கேட்டார்.

அப்போதுதான் சிரிப்பு வெடித்தது. மாமாவின் முகம் மட்டும் அப்படியே இருந்தது.

“இது ஆராணு எழுதியது?”

நான் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

“நான்தான். நான் சொன்ன சொல் லீகர். பிழை என்னுடையது. ஆனா லாரி பிழையில்லை, நிக்குது பாருங்க.”

அதிகாரி ஊதச் சொல்லும் கருவியை நீட்டினார். வாழ்நாளில் வாசம்கூடப் பிடித்திராத மாமா அதை வாங்கித் திருப்பி, குழாய் புதிதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊதினார். ஒன்றும் காட்டவில்லை. அதிகாரிக்கு அப்போது மாமாவைப் பற்றிய சந்தேகம் தீர்ந்து, லாரிகளைப் பற்றித் தொடங்கியது. தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னார். முதல் லாரியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் தூங்கிக்கொண்டிருந்த கிளீனர். மற்ற இரண்டும் காலி. லோடு எங்கே என்று கேட்டதற்கு ஷாஜி சேட்டன் இறக்கியாயிற்று என்றார். கிடங்கைத் திறக்கச் சொன்னார்கள். உடைந்த தராசு ஒன்றும் பூனைக்குட்டிகளும் இருந்தன. ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை, அப்புறம் எதற்குத் தார்ப்பாய் கட்டிய லாரி நாள் முழுதும் நிற்கிறது என்று அதிகாரி கேட்ட கேள்விக்கு ஷாஜி சேட்டன் தலையைத்தான் சொறிந்தார்.

சந்தேகப்படுவதே சம்பளமாகக் கிடைக்கும் உத்தியோகம் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். காலி லாரி என்றால் தனக்கு ரொம்பப் பிடிக்கும் என்றும், இனி இங்கே நின்றால் தினமும் வந்து பார்ப்பேன் என்றும் சொல்லிவிட்டு அதிகாரி போனார். அன்றே லாரிகள் போயின. அடுத்த வாரம் ஒரு லாரி எட்டிப் பார்த்தது. ஜீப்பும் எட்டிப் பார்த்தது. அதோடு சரி. தண்ணீர் லாரி உள்ளே வந்தது. அம்மா வைப்பினுக்குப் போகவில்லை. முதலாளி இப்போதும் வருவார், சௌக்கியமா என்று கேட்பார். நாங்கள் சௌக்கியம் என்போம்.

லைனுக்கு விடிவு வந்தது. மாமாவுக்குப் பட்டப்பெயர் வந்தது. ‘லிக்கர் மாமா’ என்று சின்னப் பிள்ளைகள்கூடக் கூப்பிட்டார்கள். அச்சகத்தில் கூட வேலை பார்த்தவர்களுக்கும் விஷயம் போயிற்று. போனில் கூப்பிட்டு, “சந்தானம், ஒரு சொல்லைக் கோட்டை விட்டுட்டியாமே,” என்று கேட்டார்களாம். ஒரு எழுத்துப் பிழையைத் தாங்காத மனிதர். தன் பெயர்ப் பலகையில் பிறர் குறும்பு செய்தால்கூட ஒற்று போட்டுத் திருத்துகிறவர். அவர், “வயசாயிடுச்சு,” என்று மட்டும் பதில் சொன்னதாக லீலா அத்தை அம்மாவிடம் சொன்னார். போனை வைத்துவிட்டு அன்று சாயங்காலம் முழுவதும் ஒன்றையும் படிக்கவில்லையாம்.

அதே நாட்களில் நான் டீக்கடையில் சாயா டம்ளரைச் சுழற்றிக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். லீகரை லிக்கராக மாற்றினால் எக்சைஸ் வரும், ஜீப் லாரியில் முட்டும், முட்டினால் லாரி போகும் என்று நான் முன்கூட்டியே கணக்குப் போட்டதாகச் சொன்னேன். சரித்திரத்தில் ஒற்றைச் சொல்லால் முற்றுகையை முறித்தவன் நான் ஒருவன்தான் என்றும் சொன்னேன். ஒருநாள் அப்படிச் சொல்லி முடித்துத் திரும்பினால், பின்னால் பால் பாக்கெட்டோடு மாமா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. பாக்கெட்டில் தேதியைப் பார்த்தார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு பல தடவை படியில் சந்தித்திருக்கிறோம். ஒருமுறை மட்டும் தைரியம் வந்து, “மாமா, அன்னைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க படிச்சீங்களே, கவனிக்கலையா?” என்று கேட்டேன்.

“உனக்கு என்ன சந்தேகம்?” என்றார். சங்கிலியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

போன வாரம் காலையில் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். லீலா அத்தை கத்தியதும் யாரோ ஓடிப்போய் ஆட்டோ கூட்டிவந்தார்கள். ஆட்டோ நேரே படிக்கட்டு வரைக்கும் வந்தது. இரண்டு பக்கமும் ஒன்றும் இடிக்காமல், திரும்புவதற்கு இடத்தோடு வந்தது. ஆஸ்பத்திரிக்கும் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார்கள். அதற்கு மேல் சந்து வாயால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை.

மறுநாள் அவரைக் கொண்டுபோகும்போது, அந்தச் சந்து வாயில் ஷாஜி சேட்டன் நின்றிருந்தார். முன்னதாகவே வந்து, குறுக்கே நின்ற பைக்குகளைத் தானே ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்திருந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். இதைப் பார்த்திருந்தால் மாமா, இவனை யார் அனுப்பினார்கள் என்று கேட்டிருப்பார். நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். ஷாஜி சேட்டனின் கண்கள் கலங்கியிருந்தன. அதற்கு மேல் ப்ரூஃப் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அச்சுக்குப் போகிற தாள் என்பதால் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. லீகரை லிக்கர் ஆக்கியது நான் இல்லை. கணக்கும் இல்லை, திட்டமும் இல்லை. மாமா கண்ணை மூடிச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் இன்னொரு பக்கம் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தபடி எதையோ அடித்தேன். போன் அதைத் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொண்டது. மனுவில் என்ன இருந்தது என்று எனக்கு அதிகாரி படித்தபோதுதான் தெரியும். அனுப்புவதற்கு முன் அதை முழுதாகப் படித்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். உப்புப் பாக்கெட்டை இரண்டு தடவை படிப்பவர். தெரிந்த சொல்லைக் கண் தாண்டிப்போகும் என்றீர்கள் மாமா. ஆனால் எந்த ஆபீஸிலும் எவர் கண்ணும் தாண்டிப்போகாத தெரிந்த சொல் ஒன்று இந்த ஊரில் உண்டு என்பது, அன்று கட்டைவிரல் நின்ற இடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்றே சந்தேகப்படுகிறேன். அப்படி இல்லாமல், உண்மையிலேயே உங்கள் கண்ணுக்குத் தப்பியிருந்தாலும், பிழையை உங்கள் பெயரில் எழுதிக்கொண்டது நீங்கள்தான். அதில் கிடைத்த பெயரைச் சாயாக் கடையில் செலவழித்தது நான்.

போய் வாருங்கள் மாமா. கதவைப் பற்றிக் கவலை வேண்டாம், லீலா அத்தை ராத்திரி சங்கிலி போட்டுக்கொள்கிறார், நான் கீழிருந்து சத்தத்தைக் கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தாள் புரூஃப் பார்க்காமலே போகிறது. ஸ்பெல்லிங் தெரியுமா என்று கேட்டீர்களே. தெரியாது மாமா. அன்றைக்கும் தெரியாது.